முந்நூற்றுப் பன்னிரண்டு பதில்கள்

எங்கள் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் அதற்கு ஈடுபாடு என்று பெயர். மூன்று பேர் என்றால் உயர் ஈடுபாடு. பெயர் வைத்தது நானில்லை, முதல்வர். நான் வெறும் குறிப்பெழுத்தர். கூட்டத்தில் யார் என்ன உளறினாலும் அதை மரியாதையான வார்த்தையில் எழுதி, கீழே கையெழுத்துக்குக் கோடு போட்டு நீட்ட வேண்டியது என் உத்தியோகம். "உனக்கு மண்டையில மூளை இருக்கா?" என்று ஒருவர் கத்தினால் "உறுப்பினர் விளக்கம் கோரினார்" என்று எழுதுவேன். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட என் குறிப்பை யாரும் திருத்தியதில்லை. வாசித்ததும் இல்லை.

பாய்லர் பாதுகாப்பு என்று ஒரு சான்றிதழ்ப் படிப்பு எங்களிடம் உண்டு. முன்பெல்லாம் ஒரு வாத்தியார் வருவார். குறுக்கே அறுத்த பழைய வால்வு ஒன்றை மேஜைமேல் டொம்மென்று வைத்து, இது இப்படித் திறக்கும், திறக்காவிட்டால் நீ செத்தாய் என்று சொல்லித் தருவார். பின்வரிசை தூங்கும். சாக்பீஸை வீசி எழுப்புவார். மூன்று மாதத்தில் படிப்பு முடியும். அவரிடம் படித்த யாரும் வெடித்துச் செத்ததாகத் தகவல் இல்லை.

பிறகு முதல்வர் எங்கேயோ இரண்டு நாள் கருத்தரங்குக்குப் போய், கழுத்தில் தொங்கும் அட்டையோடு திரும்பி வந்தார். வந்த அன்றைக்கே கூட்டம்.

"இனிமே வாத்தியார் பேசுறது, மாணவன் கேக்குறதுங்கிறதெல்லாம் கிடையாது. அது அடக்குமுறை," என்றார். "எல்லாம் ஆன்லைன் விவாத மன்றத்துல நடக்கும். ஒரு மாணவன் எழுதுவான், இன்னொருத்தன் பதில் எழுதுவான், அதுக்கு இன்னொருத்தன் பதில் எழுதுவான். அறிவு தானாப் பொங்கும்."

"பொங்கினா யாரு சார் இறக்கி வைக்கிறது?" என்று வாத்தியார் கேட்டார்.

மறுநாள் அவரைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். வால்வு விஷயத்தில் அவர் இருபது வருஷமாக ஒரே கருத்தை வைத்துக்கொண்டிருக்கிறார், பன்முகப் பார்வை இல்லை என்பது காரணம். அந்த உத்தரவுக்கும் வாசகம் எழுதியவன் நான்தான்.

மன்றத்தை நடத்த ஒரு மேடம் வந்தார். மன்ற மேடம் என்றே கூப்பிட்டோம். குரலை உயர்த்தாத மனுஷி. யாரைப் பார்த்தாலும் சிரிப்பார், தோற்றுப்போனவனைப் பார்த்தால் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பார். அவர் விதிகளை அச்சடித்துச் சுவர் சுவராக ஒட்டினார். வாரம் ஒரு பதிவு போட வேண்டும், இருநூற்றைம்பது சொல்லுக்குக் குறையக் கூடாது. மற்றவர்கள் பதிவுக்கு இரண்டு பதில் போட வேண்டும். "சரி", "நன்று", "ஒத்துக்கொள்கிறேன்" என்று எழுதினால் சுழியம், மறுத்து எழுதினால்தான் மதிப்பெண். நூற்றுக்கு அறுபது மதிப்பெண் உன் பதிவுக்கு எத்தனை பதில் வருகிறது என்பதற்கு. எல்லாவற்றையும்விட அதிகப் பதில் வாங்குகிற பதிவு மன்றத்தின் உச்சியில் நிற்கும். அடுத்து வருகிற அணிக்கு அதுதான் பாடம்.

தப்பான பதிவுக்கு அதிகப் பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குறிப்பெழுத்தன் கேள்வி கேட்டால் அதை யார் எழுதுவது?

இந்தச் சமயத்தில்தான் பாய்லர்காரர் வந்து சேர்ந்தார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பாய்லர் ஓட்டுகிறவர். நெருப்புக்கு முன்னால் நின்று நின்று புருவத்தில் பாதி கருகிப் போயிருந்தது. சான்றிதழ் கொண்டு வா, இல்லாவிட்டால் வேலைக்கு வராதே என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அவருடைய சம்சாரம் அதே சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறார். பாய்லருக்கும் இஸ்திரிக் கூடத்துக்கும் நடுவே ஒற்றைச் சுவர். அந்தப் பக்கம் நாற்பது பெண்கள்.

அவருக்குக் கம்ப்யூட்டரில் தட்டத் தெரியாது. என் மேஜைக்கு வந்து நின்றார்.

"நான் சொல்றேன், நீங்க தட்டுங்க சார். பாதுகாப்பு வால்வுல கை வைக்காதே. அவ்வளவுதான்."

"இருநூத்தி அம்பது வார்த்தை வேணும்ணே."

பேந்தப் பேந்த விழித்தார். "கை வைக்காதேன்னு சொல்றதுக்கு எதுக்குங்க இருநூத்தி அம்பது?"

எப்படியோ இழுத்தோம். காலையில் கை வைக்காதே, மாலையில் கை வைக்காதே, மேனேஜர் சொன்னாலும் கை வைக்காதே என்று போய், கடைசியில் மச்சான் சொன்னாலும் கை வைக்காதே என்றபோது எண்ணிக்கை சரியாக வந்தது. ஒரு பதில்கூட வரவில்லை. வகுப்பில் இருந்த முப்பத்தெட்டு பேரும் பாய்லர்காரர்கள். அதில் மறுக்க என்ன இருக்கிறது? மன்ற மேடம் சிவப்பு எழுத்தில் கருத்துரை போட்டிருந்தார்: "உங்கள் பதிவு முழுக்க உண்மையாக இருப்பதால் உரையாடலுக்கு இடம் தரவில்லை. அடுத்த வாரம் முயற்சி செய்யவும்."

அடுத்த வாரமும் சுழியம். அதற்கடுத்த வாரம் தண்ணீர் மட்டம் பார்ப்பது பற்றி அருமையாகச் சொன்னார், சுழியம். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. இன்னும் இரண்டு சுழியம் விழுந்தால் தேர்ச்சி இல்லை, தேர்ச்சி இல்லாவிட்டால் வேலை இல்லை.

ஐந்தாவது வாரம் ஒரு மாதிரியாக வந்தார். வீட்டில் நடந்ததைச் சொன்னார். சம்சாரத்திடம் புலம்பியிருக்கிறார். அந்த அம்மா துணி மடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்: "நான் சரியாப் பேசினா என்னைக்காவது வாயத் தொறந்திருக்கியா நீ? ஏதாவது தப்பாச் சொல்லிட்டா மட்டும் பதினாறு பதில் சொல்லுவே. எல்லா ஆம்பளையும் அப்படித்தான். தப்பா எழுதிப் பாரேன்."

"அதனால இப்படித் தட்டுங்க," என்றார். "பாதுகாப்பு வால்வு அடிக்கடி திறந்து நீராவி வீணாப்போகுது. அதோட நெம்புகோல்ல ஒரு செங்கல்லைக் கம்பியால கட்டித் தொங்கவிட்டா வால்வு பேசாம மூடிக் கிடக்கும். எரிபொருளும் மிச்சம்." சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். "படிச்சா சிரிப்பாங்க சார். எல்லாம் தொழில் தெரிஞ்சவங்கதானே?"

தட்டினேன். இந்தப் பத்து விரலும்தான்.

சிரிக்கவில்லை. மறுநாள் மத்தியானத்துக்குள் அறுபது பதில். "நீ மனுஷனா?" என்று ஆரம்பித்து, மனுஷனில்லை என்று நிரூபித்து, அவருடைய வம்சத்தில் யாருமே மனுஷனில்லை என்று முடித்திருந்தார்கள். காகித மில்லில் பாய்லர் ஓட்டுகிற ஒருவர் மட்டும் வையாமல் பொறுமையாக எழுதியிருந்தார். செங்கல் கட்டினால் அழுத்தம் எங்கே போகும், தகடு எங்கே கிழியும், முன்னால் நிற்கிறவன் எந்தத் திசையில் எத்தனை துண்டாகப் போவான் என்று படம் வரைந்து போட்டிருந்தார். அது ஏழாவது பதில். அதற்குப் பிறகு யாரும் ஏழாவதைப் படிக்கவில்லை. ஆளாளுக்கு மதிப்பெண் வேண்டுமே! மறுத்தவனை மறுத்தார்கள், அவனை இன்னொருவன் மறுத்தான். மூன்றாம் நாள் சாயப்பட்டறைக்காரர் "ஒரு செங்கல் என்பதை மறுக்கிறேன், இரண்டு வேண்டும்" என்று போட்டார். அது கிண்டலா நிஜமா என்று அவருக்கே அப்போது தெரிந்திருக்காது.

வெள்ளிக்கிழமை காகித மில்காரர் நேரில் வந்தார். நேராக வந்து, நடைவழியில் நின்ற பாய்லர்காரரின் முகத்தில் ஒரு குத்து விட்டார்.

"எழுதிப் பாத்தேன், மண்டையில ஏறல உனக்கு! செங்கல்லா கட்டுறே? உன் பாய்லருக்குப் பக்கத்துல எத்தனை பேருடா நிக்கிறாங்க?"

"அண்ணே, மார்க்குக்காக எழுதினேண்ணே..."

"மார்க்குக்கு எழுதினதப் படிச்சிட்டு ஒருத்தன் கட்டுவான்டா!" இன்னொரு குத்து.

விலக்கப் போன சாயப்பட்டறைக்காரரை ரப்பர் தொழிற்சாலைக்காரர் நாற்காலியால் அடித்தார். இரண்டு செங்கல் விவகாரத்தில் அவர்களுக்குள் ஏற்கெனவே பகை. பிறகு யார் யாரை அடிக்கிறார்கள் என்பது தெரியவில்லை. முப்பத்தெட்டு பேரும் கனமான கைக்காரர்கள். கண்ணாடிக் கதவு போனது. அறிவிப்புப் பலகை ஒருவர் தலையில் மாலை மாதிரி விழுந்தது. எனக்கும் ஓர் உதை கிடைத்தது, குறி தவறியது என்றே நினைக்கிறேன்.

முதல்வர் மாடிப்படியில் நின்று பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் ததும்பியது. "பாருங்க மேடம்," என்றார் தழுதழுத்து. "வகுப்பு முடிஞ்சு ஒரு மணி நேரம் ஆச்சு. ஒருத்தன் வீட்டுக்குப் போகல. பின்வரிசையில தூங்கினவங்க மேடம் இவங்க!"

"ஆன்லைன் உரையாடல் நேரடி வடிவத்துக்கு வந்திருக்கு சார்," என்றார் மேடம். "ரெண்டும் கலந்த முறைன்னு இதைத்தான் சொல்றாங்க."

நான் எழுதிக்கொண்டேன். முதலுதவிப் பெட்டி பூட்டியிருந்தது. சாவி கேட்டபோது, எந்தக் கோரிக்கையும் மன்றம் வழியாக வரட்டும், இரண்டு பேர் மறுத்து எழுதியபின் பரிசீலிக்கலாம் என்றார் மேடம். மூக்கில் ரத்தம் வழிய ஒருவர் உட்கார்ந்து பதிவு போட்டார். பஞ்சு தேவையா என்பது பற்றி நல்ல விவாதம் நடந்தது. பெருக்கும்போது ஒரு பல் கிடைத்தது. யாருடையது என்று மன்றத்தில் கேட்டோம், நாற்பத்து நான்கு பதில். உரியவர் மட்டும் பதில் போடவில்லை, அவர் தையல் போடப் போயிருந்தார்.

செங்கல் பதிவு முந்நூற்றுப் பன்னிரண்டு பதிலோடு நின்றது. பாய்லர்காரர் முதல் வகுப்பில் தேறினார். வீங்கிய கண்ணோடு சான்றிதழை வாங்கினார். வேலை தப்பியது. பதிவு உச்சியில் ஒட்டப்பட்டது. "அதை எடுத்துருங்க சார், வேலை முடிஞ்சிருச்சே," என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். பார்க்கலாம் என்றேன்.

அடுத்த அணி வந்தது. இவர்கள் பாய்லர்காரர்கள் இல்லை, பாய்லர்காரர் ஆகப் போகிறவர்கள். பாய்லரைப் படத்தில் பார்த்தவர்கள்கூட அதில் நாலைந்து பேர்தான். அவர்களுக்குப் பாடம் உச்சியில் இருந்த செங்கல். வாத்தியார் கிடங்கில் வாளி எண்ணிக்கொண்டிருந்தார். மேலே இருப்பதைப் படித்துவிட்டுத் தனிப் பதிவாக மறுத்து எழுத வேண்டும். அதில் ஒருவர் "ஒன்று போதாது, மூன்று செங்கல்" என்று பிடிவாதமாக வாதாடி, எல்லோரையும் மடக்கி, கல்லூரியிலேயே முதல் மார்க் வாங்கினார். அதிலிருந்து அவருக்கு முதல் மார்க் என்றே பெயர். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பாய்லர்காரருக்கு அடுத்த ஷிஃப்டில் அவரைப் போட்டார்கள்.

இதற்கிடையில் மாணவர் ஈடுபாட்டுக்காகக் கல்லூரிக்கு ஒரு கேடயம் கிடைத்தது. முதல்வர் வண்ணத்தில் கையேடு அடிக்க நினைத்தார். "எழுதினவரும், அதைப் படிச்சு வந்தவரும், ஒரே பாய்லர் முன்னாடி! அட்டைப்படம் அதான்," என்றார். ஒரு திங்கட்கிழமை, ஷிஃப்டு மாறுகிற நேரமாகப் பார்த்து, கேமராவோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

பாய்லர் அறைக்குள் நுழைந்ததுமே நான் கதவருகில் நின்றுவிட்டேன். தரை அதிர்ந்தது. முதல் மார்க் வெளுத்த சட்டையில், தலை வாரி, படத்துக்குத் தயாராக நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் வால்வின் நெம்புகோலிலிருந்து மூன்று செங்கல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி, எண்ணே இல்லாத இடத்தில் போய் நடுங்கியது. எங்கேயோ ஒரு மூட்டில் நீராவி கீச்சென்று விசிலடித்தது.

"அருமை!" என்றார் முதல்வர். "அந்தச் செங்கல் நல்லாத் தெரியுற மாதிரி எடுப்பா."

அப்போதுதான் பாய்லர்காரர் உள்ளே வந்தார். பார்த்தார். ஒரு கணம் அப்படியே நின்றார். அடுத்த கணம் பாய்ந்து பர்னரை அணைத்தார், ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

"தள்ளுடா!"

"அண்ணே, தொடாதீங்க!" முதல் மார்க் இரண்டு கையையும் விரித்து வால்வுக்கு முன்னால் நின்றார். "கொஞ்சம் நடுங்கும், அப்புறம் அடங்கிரும். நீங்க எழுதினதுதாண்ணே!"

"பொய்டா அது! பொய் எழுதினேன்! தள்ளு!"

"முந்நூத்திப் பன்னிரண்டு பதில் வாங்கினது எப்படிண்ணே பொய்யாகும்?"

"ஒரு நிமிஷம்," என்று முதல்வர் குறுக்கே வந்தார். "ரெண்டு பேர் வாதமும் நல்லா இருக்கு. அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வர..."

மூட்டு ஒன்று விட்டது. கொதிக்கும் ஆவி ஒரு கோடாகச் சீறி முதல்வரின் கன்னத்தைத் தடவிக்கொண்டு போனது. அம்மா என்று அலறிக்கொண்டு கதவுக்கு ஓடினார். உள்ளே இழுத்துத் திறக்க வேண்டிய கதவு அது. வெளியே தள்ளிக்கொண்டே இருந்தார். அவர் மோதியதில் நான் விழுந்து அவர் காலுக்கடியில் கிடந்தேன். கேமரா என் வாயருகே இருந்தது.

பாய்லர்காரர் ஸ்பேனரை ஓங்கி முதல் மார்க்கின் முன்கையில் ஒரு போடு போட்டார். எலும்பு உடைந்த சத்தம் அந்த இரைச்சலிலும் எனக்குக் கேட்டது. அந்த ஆள் அப்போதும் விலகவில்லை. மற்றக் கையால் நெம்புகோலைக் கட்டிக்கொண்டார். இன்னொரு போடு தோளில். சுருண்டு விழுந்தவரைக் காலால் புரட்டித் தள்ளிவிட்டு, கம்பியை அறுத்து, பாய்லர்காரர் நெம்புகோலைத் தூக்கினார். வால்வு வாயைத் திறந்தது. இரண்டு நிமிஷம் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை, தெரியவுமில்லை. வெள்ளை தெளிந்தபோது பாய்லர்காரரின் கை முழங்கை வரை உரிந்து சிவந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பது பெண்களும் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது.

ஒரு வாரம் கழித்து விசாரணை. சக மாணவரைத் தாக்கியது, அதைவிட முக்கியமாக, நடந்துகொண்டிருந்த உரையாடலைத் தன்னிச்சையாக முடித்தது என்று இரண்டு குற்றம். முதல்வர் கன்னத்தில் களிம்போடு உட்கார்ந்திருந்தார்.

"நான் அங்க இருந்தேன்," என்று ஆரம்பித்தார். "என் கன்னம் வெந்திருக்கு. ஆனா என் கன்னத்தை மட்டும் வெச்சு நான் முடிவெடுக்க மாட்டேன். தரவு என்ன சொல்லுது? முந்நூத்திப் பன்னிரண்டு. அத்தனை பதில்ல ஒண்ணாவது இந்தப் பதிவு தப்புன்னு சொல்லியிருக்கா?"

"அத்தனை பேருமே தப்புன்னுதானே சார் சொன்னாங்க!" என்று பாய்லர்காரர் கத்தினார்.

முதல்வர் மேடத்தைப் பார்த்தார். மேடம் சிரித்தார்.

"பதில்களை நாங்க வாசிக்கிறதில்ல," என்றார். "வாசிச்சா நமக்கு ஒரு சார்பு வந்துரும். எண்ணுறதோட நிறுத்திக்குவோம். அதுதான் நேர்மை."

"நீயாவது படிச்சியாப்பா?" என்று பாய்லர்காரர் திரும்பி முதல் மார்க்கைக் கேட்டார்.

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்திருந்த அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டார். "இல்லண்ணே. மேல இருக்கறதத்தான் படிக்கச் சொன்னாங்க. எனக்கு உங்க மேல கோவமில்லண்ணே. உங்களை நம்பித்தான் கட்டினேன்."

பாய்லர்காரர் அடி வாங்கியதைவிட மோசமாக அதை வாங்கிக்கொண்டார்.

முதல்வர் ஒரு தாளை நீட்டினார். வாசகம் என்னுடையது. பதிவு சரியானது, கோபத்தில் கை நீட்டிவிட்டேன், வருந்துகிறேன். "இதுல கையெழுத்துப் போடுங்க. சான்றிதழும் இருக்கும், வேலையும் இருக்கும். பதிவு தப்புன்னு நீங்க சொன்னா, தப்பா எழுதி மார்க் வாங்கினதா ஆகும். சான்றிதழ் ரத்து. அப்புறம் உங்களை மறுத்தவங்க மார்க், அவங்களை மறுத்தவங்க மார்க், கேடயம்... எதைன்னு திருப்பிக் கொடுக்கிறது? ஒரு நிறுவனத்தை ஒரு செங்கல்லுக்காக இடிக்க முடியுமா?"

பாய்லர்காரர் தாளைப் பார்த்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் சம்சாரம் எழுந்து உள்ளே வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை.

"போடாதே," என்றார்.

"அம்மா, இது விசாரணை," என்றார் மேடம்.

"இருக்கட்டும்மா. பாய்லர் செவுத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறவ நான்." கணவரிடம் திரும்பினார். "என் வாயால கெட்டது அது. தப்பா எழுதுன்னு நான்தான் சொன்னேன். இப்பவும் நானே சொல்றேன், போடாதே. வேலை போனா போகுது போ. நாளைக்கு இன்னொருத்தி புருஷன் அதைப் படிச்சுட்டு வேலைக்குப் போவான்."

பாய்லர்காரர் அந்தத் தாளின் குறுக்கே கொட்டை எழுத்தில் "பொய்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்தார். "உறுப்பினர் தம் கருத்தைச் சுருக்கமாகப் பதிவு செய்தார்" என்று குறித்துக்கொண்டேன்.

சான்றிதழ் போனது, வேலையும் போனது. பதிவு போகவில்லை. அவர் சொல்லைத் திரும்பப் பெறலாம், முந்நூற்றுப் பன்னிரண்டு பதிலின் உழைப்பை எப்படித் திரும்பப் பெறுவது என்றார் மேடம். இதைவிட அதிகப் பதில் வாங்கும் பதிவு ஒன்று வந்தால் அது தானாகக் கீழே இறங்கும், அதுதான் விதி.

வெளியே வந்து பாய்லர்காரர் என் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றினார். "சார், நீங்கதானே தட்டினீங்க. நீங்களே அழிச்சிருங்க. ஒரு பட்டன்தானே?"

ஒரு பட்டன்தான். மன்றத்தின் கடவுச்சொல் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. அழித்தால் யாருக்கும் தெரிய இரண்டு நாள் ஆகும். தெரிந்தால் எனக்கும் ஒரு விசாரணை, அதற்கு வேறொருவன் குறிப்பெழுதுவான். "பார்க்கலாம்ணே," என்றேன். அவர் என்னை நம்பிக்கொண்டு போனார்.

போனவர் சும்மா இருக்கவில்லை. புது அணியில் தேறியவர்களின் முகவரியை வாங்கிக்கொண்டு ஊரிலுள்ள ஒவ்வொரு பாய்லர் அறையாகப் போனார். சான்றிதழ் இல்லாதவன் சொல்வதை எவன் கேட்பான்? ரப்பர் தொழிற்சாலையில் காவலாளி கழுத்தைப் பிடித்துத் தள்ளினான். சாயப்பட்டறையில் இவரே ஏணியில் ஏறிச் செங்கல்லைப் பிடுங்கி எறிந்தார், நாலு பேர் சேர்ந்து மிதித்தார்கள். உதடு கிழிந்து காகித மில்லுக்குப் போனபோது, அன்றைக்குக் குத்துவிட்டவர் இவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்.

"அதைத்தானய்யா அன்னிக்கு அடிச்சுச் சொன்னேன்," என்று சிரித்தாராம். "என் அடுத்த ஷிஃப்டுக்காரன் உங்க மன்றத்துல படிச்சவன்தான். நான் பாத்துக்கிறேன். தினம் நான் வந்ததும் முதல் வேலை ஏறி வால்வைப் பாக்குறதுதான்."

அப்படி அவர் ஏறிப் பார்க்கும்போதுதான் வெடித்தது. பதினொரு நாள் கழித்து, காலை ஷிஃப்டு. கட்டியிருந்தது நான்கு செங்கல் என்று கண்டுபிடித்தார்கள். மூன்றை மறுத்து எவனோ மதிப்பெண் வாங்கியிருந்தான். பாய்லரின் முன்தகடு சாலையைத் தாண்டிப் போய் ஒரு கடையின் கூரையில் இறங்கியது. இன்னும் இரண்டு பேர் செத்தார்கள். காகித மில்காரரைச் சேர்த்து எடுக்கச் சாயங்காலம் ஆனது. ஏழாவது பதிலில் அவர் வரைந்திருந்த படத்தில் திசை சரியாகத்தான் இருந்தது.

கல்லூரி வருந்தியது. முன்னாள் மாணவர் அல்லவா! முதல்வர் மன்றத்தில் இரங்கல் பதிவு போட்டார். எல்லா அணியினரும் கட்டாயம் பங்கேற்க வேண்டும், மதிப்பெண் உண்டு. "ஆழ்ந்த இரங்கல்" என்று மட்டும் எழுதியவர்களுக்கு வழக்கம்போலச் சுழியம். ஆகவே "அவர் நல்லவர் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை" என்று ஒருவன் ஆரம்பித்தான். "அவர் இறந்துவிட்டார் என்பதற்கு ஆதாரம் என்ன?" என்று இன்னொருவன். அவர் குடும்பத்துக்கு இழப்பு என்பதை மறுத்து ஒருவன் மூன்று பக்கம் எழுதினான். நான்கு நாளில் நானூற்றுப் பதினைந்து பதில்.

ஐந்தாம் நாள் காலை பாய்லர்காரர் வந்தார். சவரம் செய்யாத முகம். வெந்த கையில் புதுத் தோல் பளபளத்தது. என் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தார்.

"செங்கல் பதிவு எங்க?"

"இறங்கிருச்சுண்ணே," என்றேன். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. "இரங்கல் பதிவு அதைத் தாண்டிருச்சு. இப்ப உச்சியில இதுதான் நிக்குது. நான் எதுவும் செய்யவேண்டி வரல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் கையாலேயே ஓங்கி ஓர் அறை விட்டார். நாற்காலியோடு சாய்ந்தேன். கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள், மாடியில் முதல்வர் எட்டிப் பார்த்தார். பாய்லர்காரர் திரும்பி நடந்து வாசலைத் தாண்டிப் போனார். யாரும் தடுக்கவில்லை.

"என்னப்பா, என்ன விஷயம்?" என்று முதல்வர் மேலேயிருந்து கேட்டார்.

ஒன்றுமில்லை என்றேன். எனக்கு இடது காது இன்றுவரை சரியாகக் கேட்பதில்லை. டாக்டரிடம் காட்டவில்லை.